ஊர் மன்றத்துக்கு யார் பணம் கொடுப்பார்கள்? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, இளைஞர் மன்றங்களுக்குக் கிடைக்கும் நிதியைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் வந்தபோது நான் அதில் தொண்டராக இருந்தேன். அப்புறம் எங்கள் ஊர் மன்றத்தில் ஆறு வருடம் பொருளாளர். அதற்கப்புறம் பதினெட்டு வருடம் ஓர் அறக்கட்டளையில், நிதி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படித்து, ஊருக்குப் போய் நேரில் பார்த்து வரும் வேலை. கேட்கிற பக்கத்திலும் கொடுக்கிற பக்கத்திலும் உட்கார்ந்து பார்த்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

எங்கள் மன்றத்தில் 28 பேர் இருக்கிறோம். பொங்கல் விளையாட்டுப் போட்டி, கபடி, ரத்த தானம் எல்லாம் நடத்துகிறோம். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் மேடைப் பேச்சு, வாழ்வியல் திறன், தலைமைப் பண்பு என்று வகுப்பு வைக்க ஆசை. கம்பெனிகள் சிஎஸ்ஆர் பணம் தருவதாகச் சொல்கிறார்கள். யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் அக்கா?
– மன்றச் செயலாளர், ஆலங்குடி அருகே ஒரு கிராமம்

தம்பி, சிஎஸ்ஆர் பணம், அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்பாகச் செலவிடும் பணம், உங்கள் கைக்கு வர இன்னும் மூன்று வருடமாவது ஆகும். அதற்காக மனம் தளர வேண்டாம். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர லாபம் பார்க்கும் கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டு லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நிகர மதிப்பு 500 கோடி அல்லது விற்றுமுதல் 1,000 கோடி இருந்தாலும் இந்தக் கடமை உண்டு. கம்பெனி இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தை வெளியார் மூலம் செலவிடுவதென்றால், பதிவு செய்த சங்கமோ அறக்கட்டளையோ வேண்டும். அதற்கு வருமான வரித் துறையின் 12ஏ (சங்கத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவுகள் இருக்க வேண்டும், அதே மாதிரிப் பணியில் குறைந்தது மூன்று வருட அனுபவம் காட்ட வேண்டும். 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு எண்ணும் வாங்கியிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் மன்றம் இன்னும் பதிவே ஆகவில்லை என்று தெரிகிறது.

ஆகவே முதல் வேலை பதிவு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். பைலா, அதாவது சங்கத்தின் விதிமுறை, எழுதும்போது பக்கத்து ஊர் மன்றத்தின் பைலாவை வாங்கி ஜெராக்ஸ் எடுத்துப் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். இந்தத் தப்பை எத்தனையோ ஊரில் பார்த்திருக்கிறேன். இளைஞர்களுக்கு வாழ்வியல் திறன், தலைமைப் பயிற்சி தருவது உங்கள் நோக்கம் என்று அதில் தெளிவாக இருந்தால்தான் நாளைக்கு அந்தப் பணிக்கு நிதி கேட்க முடியும். வங்கிக் கணக்கை இரண்டு பேர் கையெழுத்தில் தொடங்குங்கள். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டுவது, கணக்கைத் தணிக்கை செய்து பதிவாளரிடம் தாக்கல் செய்வது இரண்டையும் ஒரு வருடம்கூட விடக்கூடாது. பதிந்துவிட்டு நாலு வருடம் தாக்கல் செய்யாமல் கிடக்கும் சங்கங்கள்தான் மாவட்டத்துக்கு மாவட்டம் நிறைய.

கூடவே உங்கள் மாவட்ட நேரு யுவ கேந்திரா அலுவலகத்துக்குப் போங்கள். இளைஞர்களுக்காக மத்திய அரசு 1972-ல் தொடங்கிய அமைப்பு அது, இப்போது மை பாரத் என்ற பெயரில் இயங்குகிறது. பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பயிற்சி முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பலாம், மற்ற மன்றங்களோடு பழக்கம் கிடைக்கும்.

சரி, இந்த மூன்று வருடத்துக்குப் பணம் எங்கே? உங்கள் ஊரில்தான். நீங்கள் ஆலங்குடிப் பக்கம் என்பதால் இதை விளக்கவே தேவையில்லை. ஆடி பிறந்தால் கீரமங்கலம், பேராவூரணிப் பக்கமெல்லாம் மொய் விருந்து. ஒரே நாளில் ஒரு குடும்பத்துக்குத் தொழில் முதலே சேர்ந்துவிடுகிறது. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போட்டால் வெளியூரில் இருப்பவன்கூட அனுப்பிவிடுகிறான். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையெல்லாம் சாய்த்துப் போட்ட பிறகு, பேராவூரணி இளைஞர்கள் மக்களிடம் பணம் திரட்டிப் பெரிய குளத்தைத் தூர்வாரினார்கள். புயலில் எல்லாம் போய் நின்ற சனம்தான் அதற்கும் கொடுத்தது.

ஏன் கொடுக்கிறார்கள்? திருவிழா முடிந்த மறுவாரம் உங்கள் ஊரில் கணக்கு வாசிப்பார்களே, அதை நினைத்துப் பாருங்கள். பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, வாழைமரம், பூ, வாணம் என்று மைக்கில் வாசிக்க வாசிக்க, பின்னால் இருந்து ஒருவர் எழுந்து 'வாழைமரம் என் தோப்பிலேயே வெட்டினது, அதுக்கு எதுக்கு ரூபா?' என்பார். சத்தம் வரும், சண்டைகூட வரும். ஆனால் அடுத்த வருடம் அதே ஆள் வரி கொடுப்பார், அவர் எதிரிலேயே கணக்கு வாசித்ததால்.

என் கதை ஒன்று. நான் பொருளாளராக இருந்தபோது மூன்று நாள் முகாம் நடத்தினோம். பந்தல், மைக்செட், சாப்பாடு எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தால் 1,840 ரூபாய்க்குச் சீட்டு இல்லை. யாரும் எடுக்கவில்லை. ஐஸ் வாங்கியது, வண்டிக்கு டீசல் போட்டது, காய்ச்சல் வந்த பையனை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது என்று அங்கங்கே செலவானதை அன்றன்றைக்கு எழுதாமல் விட்டது என் பிழை. ஆறு மாதத்தில் மன்றம் இரண்டாக உடைந்தது. கபடிக் குழுவும் இரண்டானது. அண்ணன் ஒரு குழு, தம்பி ஒரு குழு என்று நின்றதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கும்.

அதனால்தான் சொல்கிறேன். ஞாயிறு வகுப்பு தொடங்க யாருடைய பணத்துக்கும் காத்திருக்க வேண்டாம். ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்குங்கள். வீட்டுக்கு மாதம் 20 ரூபாய் கேளுங்கள். கேட்கப் போவது ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளாக இருக்கட்டும், இரண்டிரண்டு பேராக. முன்பின் பழகாத வீட்டு வாசலில் நின்று, எதற்காகப் பணம் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி, 'போ போ' என்று விரட்டினாலும் முகம் வாடாமல் திரும்பி வருவதற்கு எந்தப் பயிற்சியாளரும் வகுப்பறையில் பழக்கிவிட முடியாது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகளே எழுந்து நின்று வரவு செலவு வாசிக்கட்டும். பொருளாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

அறக்கட்டளையில் எனக்கு வந்த விண்ணப்பங்களில் நான் இன்றும் மறக்காதது, ஒரு கடலோரக் கிராமத்திலிருந்து கையால் எழுதி வந்தது. கலர்ப் படம் இல்லை, இங்கிலீஷ் இல்லை. கணக்கு நோட்டின் பதினோரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து இணைத்திருந்தார்கள். 'டீ 14 × 8 = 112. கைமாற்று வாங்கியது 200. திருப்பிக் கொடுத்தது 200, மிக்க நன்றி' என்று நோட்டிலேயே நன்றி எழுதியிருந்தது. அந்த மன்றத்துக்கு நிதி தரச் சொல்லி எழுத எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று வருடம் இப்படி நோட்டு சேர்ந்துவிட்டால் சிஎஸ்ஆர் அலுவலரிடம் நீங்கள் தயங்கித் தயங்கிப் பேச வேண்டி இருக்காது.

நிதி கேட்கும் படிவத்தில் 'வாழ்வியல் திறன்கள்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?
– இளைஞர் மன்ற உறுப்பினர், தேனி

உலக சுகாதார நிறுவனம் பத்துத் திறன்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் என்று போகும். எல்லாரும் அதையே எழுதுகிறார்கள். படிப்பவருக்குப் பத்தாவது விண்ணப்பத்தில் அலுத்துவிடும்.

உங்கள் பிள்ளைகளால் இன்றைக்கு எது முடியவில்லை, ஒரு வருடம் கழித்து எது முடிய வேண்டும் என்று எழுதுங்கள். வங்கியில் தனியாகச் சலான் நிரப்பிப் பணம் போடுவது. 108-க்குப் போன் செய்து பதறாமல் இடம் சொல்வது. ஒரு நண்பன் 'சும்மா ஒரு தடவை' என்று பாக்கெட்டை நீட்டும்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவனோடு நட்பையும் விடாமல் இருப்பது. கிராம சபையில் எழுந்து ஒரு கேள்வி கேட்பது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 'ஆறில் நான்கு கூட்டத்திலாவது எங்கள் மன்றத்திலிருந்து ஒருவர் பேசியிருப்பார்' என்று எழுதினால், அது எண்ணிப் பார்க்கக்கூடிய வாக்குறுதி. கொடுப்பவருக்கு அது பிடிக்கும்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஓய்வூதியத்திலிருந்து ஆண்டுக்கு 25,000 ரூபாய் ஏதாவது ஓர் இளைஞர் மன்றத்துக்குக் கொடுக்க நினைக்கிறேன். கிரிக்கெட் பேட், கேரம் போர்டு, டி-ஷர்ட் என்று வாங்கிக் கொடுத்துவிடலாமா? வரிச்சலுகை உண்டா?
– மதுரை

வணக்கம் அம்மா. உங்கள் மனதுக்கு முதலில் நன்றி.

பேட்டும் போர்டும் வாங்கிக் கொடுக்க எப்போதும் ஆள் இருக்கிறார்கள். பொருளுக்குப் பின்னால் நின்று படம் எடுக்கலாம், பெயர் எழுதலாம். நான் போன மன்றங்களில் பிரிக்காத கேரம் போர்டு மூன்று, நான்கு என்று அடுக்கி இருக்கும். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வந்து கதவைத் திறந்து, பிள்ளைகளோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகும் ஒரு அண்ணனோ அக்காவோ இருக்கிறாரே, அவருடைய பஸ் காசை யாரும் தருவதில்லை. கல்யாணம் ஆனதும் அவர் வருவதை நிறுத்திவிடுவார். மன்றம் பூட்டிக் கிடக்கும். நான் பார்த்தவரையில் பெரும்பாலான மன்றங்கள் செத்துப்போனது இப்படித்தான்.

உங்கள் 25,000 ரூபாயை ஞாயிறுக்கு 500 வீதம் 50 ஞாயிறுக்கு வகுத்துப் பாருங்கள். டீ, சுண்டலுக்கு 200. வகுப்பெடுக்க வருபவரின் பஸ் செலவுக்கு 60. மீதி 240 அவர் கையில். பெரிய தொகை இல்லைதான். ஆனால் 'உன் நேரத்துக்கு மதிப்பு இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் அவர் இன்னும் இரண்டு வருடம் வருவார். நீங்கள் ஆசிரியை, இது உங்களுக்குத் தெரியாததா? முடிந்தால் இதை ஒரே வருடத்தோடு நிறுத்தாமல் மூன்று வருடத்துக்கு என்று இப்போதே சொல்லிவிடுங்கள். அடுத்த வருடம் பணம் வருமா என்று தெரியாமல் எந்த மன்றமும் ஒரு நல்ல ஆளைத் தக்கவைக்க முடியாது.

வரிச்சலுகை பற்றி: மன்றத்துக்கோ அதற்குத் துணை நிற்கும் அறக்கட்டளைக்கோ 80ஜி பதிவு இருந்தால் பொதுவாக நன்கொடையில் பாதித் தொகைக்குக் கழிவு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது, எனவே வங்கி வழியாகக் கொடுங்கள். நீங்கள் புதிய வரி முறையைத் தேர்ந்திருந்தால் இந்தக் கழிவே கிடைக்காது. 2025-ல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்பதால் பிரிவு எண்களும் மாறுகின்றன. ரசீது வாங்கும்போது ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், இந்தியப் பாஸ்போர்ட். மாமா அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டார். இரண்டு பேரும் எங்கள் மன்றத்துக்கு ஆளுக்கு 50,000 அனுப்பத் தயார். வாங்கலாமா?
– பட்டுக்கோட்டை

அண்ணனிடம் வாங்கலாம். மாமாவிடம் கூடாது.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில், எஃப்சிஆர்ஏ என்று சொல்வார்களே, அதில் பார்ப்பது பணம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதை அல்ல, கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதை. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அண்ணனின் பாஸ்போர்ட் நகல் ஒன்றைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மாமா வேறு நாட்டுக் குடிமகன். அவர் ஊருக்கு வந்து இந்திய ரூபாயாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்கப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்குச் சங்கம் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் பணிக்காகச் செலவு செய்திருக்க வேண்டும், பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். பதிவு உள்ள வேறொரு நிறுவனம் வாங்கி உங்களுக்கு மாற்றித் தருவதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு முடியாது.

யாராவது சுற்று வழி சொல்லுவார்கள். கேட்காதீர்கள். மாமாவுக்கு மனம் இருக்கிறது, அதை விட்டுவிடவும் வேண்டாம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது இரண்டு ஞாயிறு மன்றத்துக்கு அழைத்துப் போங்கள். பதினெட்டு வயதில் பாஷை தெரியாத ஊரில் இறங்கி எப்படிச் சமாளித்தார், முதல் சம்பளத்தில் எவ்வளவு கடன் அடைத்தார், ஏஜெண்டிடம் எங்கே ஏமாந்தார் என்று அவர் சொல்லட்டும். உங்கள் ஊரில் வெளிநாடு போகக் காத்திருக்கும் பையன்களுக்கு 50,000 ரூபாயை விட அது பெரிது.

ஒரு கட்சிப் பிரமுகர் மன்றக் கட்டடத்துக்கு ஒரு லட்சம் தருகிறார். வாசலில் அவர் படம் வைக்க வேண்டுமாம்.
– விழுப்புரம் மாவட்டம்

வேண்டாம். அடுத்த தேர்தலில் எதிர்க் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளை உங்கள் வாசலை மிதிக்க மாட்டான். கட்டடம்தான் தேவை என்றால் ஊராட்சித் தலைவரிடம் 'நமக்கு நாமே' திட்டம் பற்றிக் கேளுங்கள். மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கு திரட்டினால் மீதியை அரசு போடும். பொதுச் சொத்தாக இருக்கும், யார் படமும் தேவைப்படாது.

எங்கள் மன்றத்தில் 40 பேர். அதில் நான்கு பேர்தான் பெண்கள். நிதி கேட்கும் படிவத்தில் 'பயன்பெறும் பெண்கள் எத்தனை' என்று கேட்டிருக்கிறார்கள். 'உன் தோழிகள் பெயரை எழுதி இருபது ஆக்கிவிடு' என்கிறார் தலைவர். எனக்கு மனம் ஒப்பவில்லை.
– கல்லூரி மாணவி, தென்காசி மாவட்டம்

தங்கச்சி, உன் மனம் சொல்வது சரி. எழுதாதே.

அறிவொளி இயக்கக் காலத்தில் எங்கள் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். நானும் அப்போதுதான் கற்றேன். சாயங்காலம் பள்ளிக்கூடத்து மைதானத்தில், வாடகைச் சைக்கிளில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஐம்பது பெண்கள். ஒருத்தி தனியாக ஓட்டியிருந்தால் ஊர் பேசியிருக்கும். ஐம்பது பேர் ஓட்டியதால் ஊர் வேடிக்கை பார்த்தது, பிறகு சைக்கிள் பிடித்துக்கொண்டே கூட ஓடியது. பெண்கள் வரவில்லை என்றால் அவர்களுக்கு ஆசை இல்லை என்று அர்த்தம் கிடையாது. அவர்கள் வருகிற மாதிரி நாம் இடத்தையும் நேரத்தையும் வைக்கவில்லை.

உங்கள் மன்றம் எத்தனை மணிக்குக் கூடுகிறது? எங்கே கூடுகிறது? எழுதவில்லை நீ. பெரும்பாலும் இரவு ஏழு மணி, பஸ் ஸ்டாப் பக்கத்து மேடையாக இருக்கும். அங்கே எந்த அம்மா மகளை அனுப்புவாள்? நான் பார்க்கப் போன ஒரு ஊரில் இதே நிலைதான். கூட்டத்தை ஞாயிறு நான்கு மணிக்கு மாற்றினார்கள், சத்துணவுக்கூடத்துக்கு மாற்றினார்கள், பக்கத்தில் இருந்த கழிப்பறைச் சாவியைக் கேட்டு வாங்கினார்கள். மகளிர் குழுவிலிருந்து இரண்டு அக்காமார் மாறி மாறி வந்து பூ கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். மூன்றே மாதத்தில் இரண்டு பெண் பிள்ளைகள் இருந்த இடத்தில் பதினொரு பேர்.

நான் போன அன்று மாதக் கணக்கு வாசித்தது ஒரு பத்தாம் வகுப்புப் பெண். நோட்டைப் பிடித்த கை நடுங்கியது. 'மைக்செட் வாடகை 650' என்றாள். பின்னால் நின்ற அவள் அப்பா, '600தானே பேசினது' என்றார். அந்தப் பெண் ஒரு நொடி அவரைப் பார்த்தாள், சீட்டைப் புரட்டினாள். 'இல்லப்பா, சீட்டுல 650 இருக்கு. ராத்திரி ஒரு மணி நேரம் கூட ஓடுச்சாம்.' அப்பா தலையாட்டினார். அவள் அடுத்த வரிக்குப் போனாள், குரல் அதற்கப்புறம் நடுங்கவில்லை.

படிவத்தில் நான்கு என்றே எழுது. கீழே இடம் இல்லாவிட்டால் தனித்தாள் இணை. ஏன் நான்கு பேர்தான் வருகிறார்கள், நேரத்தையும் இடத்தையும் எப்படி மாற்றப் போகிறீர்கள், இருட்டுவதற்குள் வீட்டில் கொண்டுபோய் விட ஆட்டோவுக்கு மாதம் எவ்வளவு ஆகும், கூட வரும் அக்காவுக்கு எவ்வளவு தர வேண்டும் என்று தொகையோடு எழுது. கணக்கு நோட்டின் சில பக்கங்களையும் வை. தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால் பொதுக்குழுவில் எழுந்து கேள், அந்த நான்கு பேரும் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.